காலுக்குக் கீழே தரையில்லாத வண்டி

மும்பையிலிருந்து கர்ஜத் வழியாகப் பிரிந்து செல்லும் கிளைப்பாதையின் கடைசி நிலையம் கொபோலி. சஹ்யாத்ரி மலையடிவாரத்திலுள்ள அவ்வூரை அடுத்து, பாலி செல்லும் சாலையில், 2013-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இமேஜிக்கா என்னும் கேளிக்கைப் பூங்கா உள்ளது. குடும்பங்களுடன் அங்கு சென்று வந்த நாங்கள், 'நைட்ரோ' என்னும் ரோலர் கோஸ்டரைப் பற்றி நம் சங்க அன்பர்களுக்குச் சில செய்திகள் கூற விரும்புகிறோம்.

வரிசைக்கு நால்வராக அமரும் இவ்வண்டிக்கு அடித்தளம் இல்லை. தோளின்மேல் இறங்கும் காப்பு உடலைப் பற்றிக்கொள்ள, கால்கள் தண்டவாளத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்குகின்றன. சுமார் 130 அடி உயரம் ஏறி, பாய்ந்திறங்கி, ஐந்து முறை தலைகீழாகச் சுழல்கிறது. உயரத்தைக் காட்டிலும் காலூன்ற இடமில்லாமையே அச்சத்தையும் களிப்பையும் ஒருங்கே பெருக்குகிறது.

தரையில்லாத வண்டியில் எவ்வாறு ஏறுவது? நிலைய மேடையின் தளமே இருக்கைகளுக்கு அடியில் வந்து பொருந்துகிறது. எல்லோரும் அமர்ந்தபின் அது விலகிக்கொள்ள, அதன் பின்னரே வண்டி நகர்கிறது. பாயிண்டு சரியாகப் பொருந்தாமல் சிக்னல் இறங்காது என்னும் ரயில்வே ஒழுங்கை இது எங்களுக்கு நினைவூட்டியது.

இருக்கையில் புதுமை தேடுவது நேற்றுத் தோன்றியதன்று. 1884-இல் அமெரிக்காவின் கோனி தீவில் தாம்சன் என்பவர் அமைத்த வண்டியில் பயணிகள் பக்கவாட்டில் நோக்கி அமர்ந்தனர். பின்னாளில் நின்றபடியே செல்லும் வண்டிகள் வந்தன. ஒவ்வொருவர் உயரத்துக்கும் இருக்கையைச் சரிசெய்ய நேரம் பிடித்தது. காப்பில் தலை மோதுவதாகவும் பலர் குறைகூறினர். ஒஹையோ மாநிலத்துப் பூங்கா ஒன்றில் 1996-இல் ஓடத் தொடங்கிய 'மாண்டிஸ்' என்னும் நின்றபடிச் செல்லும் வண்டி, 2015-இல் தரையில்லா வண்டியாக மாற்றப்பட்டது. பாதை பழையது, பெட்டிகள் மட்டுமே புதியவை. கலிபோர்னியாவில் 2002-இல் வந்த 'எக்ஸ்' வண்டியிலோ இருக்கைகளே முன்னும் பின்னும் சுழலும். செலவும் பராமரிப்பும் மிகுந்ததால் அவ்வகை உலகில் மிகச் சிலவே உள்ளன. புதுமை ஒருமுறை அழைத்து வரும். மறுமுறை வரச் செய்வது உடலுக்கு உண்டாகும் இதமே.

ஊருக்குச் செல்லவே விடுப்பையும் பணத்தையும் சேர்த்து வைப்பவர்கள் நாம். ஆதலால் புறப்படுமுன் வீட்டிலேயே பிள்ளைகளின் உயரத்தை அளந்து, பூங்காவின் வரம்போடு ஒப்பிட்டுக்கொள்க. உயரம் குறைந்த பிள்ளையை ஏற்றிக்கொள்ளுமாறு பணியாளரிடம் மன்றாடும் தந்தையரைக் கண்டோம். உடலோடு பொருந்தினால்தான் காப்பு காக்கும். பொருந்தாதவன் அதிலிருந்து நழுவக்கூடும். இங்கே மறுப்பவர் நம் பிள்ளைக்கு நன்மை செய்பவரே. அடுத்த ஆண்டு பிள்ளை வளர்ந்திருப்பான். வண்டியும் அங்கேதான் இருக்கும்.