ஒட்டக் கூடாத இடத்துக்கு ஒரு பசை



எபாக்ஸி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஒழுகும் தண்ணீர்த் தொட்டியும் உடைந்த மிக்ஸி மூடியும்தான். அதே எபாக்ஸி ஒரு ரைபிளின் குறியையும் காப்பாற்றும் என்று நான் தெரிந்துகொண்டது இன்பிளான்ட் டிரெயினிங்கில். உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறை அது. (1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் இந்த வேலையில் கை வைக்கக் கூடாது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் கிளம்பிவிடாதீர்கள்!)

பட்டறைக்கு வந்தது ஒரு சுடும் கிளப்பின் .22 ரைபிள். வால்நட் மரக்கட்டை. ஜூனியர்கள் முறை வைத்துச் சுடும் பொதுத் துப்பாக்கி. நம் கல்லூரி இரண்டாமாண்டு மாணவி ஒருவரும் அதில்தான் பயிற்சி எடுக்கிறார். போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. மழைக்காலம் வந்தால் குறி ஒரு பக்கம் போகும், வெயில் வந்தால் இன்னொரு பக்கம். புதுக் கட்டை வாங்க கிளப்பில் பணம் இல்லை. இருக்கிற கட்டையைக் கெடுத்துவிட்டால் அந்த வருடம் அவர் போட்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

காரணம் எளிது. ரைபிளின் இரும்புப் பகுதி, அதாவது குழலும் ஆக்‌ஷனும், இரண்டு ஸ்குரூக்களால் மரத்தில் இறுக்கப்பட்டிருக்கிறது. மரம் ஈரத்தைக் குடித்தால் நாருக்குக் குறுக்கே உப்பும், காய்ந்தால் சுருங்கும். உட்காரும் இடம் மாற மாற, இறுக்கும்போது இரும்பு லேசாக வளைகிறது. எவ்வளவு வளைந்தால் கெடும்? நாமே கணக்குப் போடலாம். 500 மி.மீ. நீளத்தில் 0.05 மி.மீ. சாய்ந்தால், 50 மீட்டர் தூரத்தில் 5 மி.மீ. விலகும். 50 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான்!

இதற்கு மருந்துதான் 'பெட்டிங்'. ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் மரத்தை இரண்டு மூன்று மி.மீ. செதுக்கி எடுத்து, எபாக்ஸிக் கலவையை நிரப்பி, மெழுகு பூசிய இரும்பை அதில் இறக்கி வைப்பது. இறுகியதும் இரும்பின் அச்சு அப்படியே பதிந்து, ஈரத்துக்கு அசையாத இருக்கை கிடைக்கும்.

எந்த எபாக்ஸி? நான் உடனே, "அண்ணே, எது ரொம்ப ஸ்ட்ராங்கோ அதை வாங்கிடலாம்" என்றேன். மாஸ்டர் சிரித்தார். "தம்பி, இது ஒட்டுற வேலை இல்ல. உக்கார வெக்கிற வேலை. மரத்துல பிடிக்கணும், இரும்புல பிடிக்கவே கூடாது. அதுக்கு என்ன வேணும்னு யோசி."

யோசித்தோம். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை முதலில் கழிந்தது: ஸ்குரூவை நேராக்குவதற்குள் கல்லாகிவிடும். கார் டிங்கரிங் பட்டறையில் பூசும் பாலியெஸ்டர் பட்டி மலிவுதான். ஆனால் இறுகும்போது எபாக்ஸியைவிட அதிகம் சுருங்கும், எண்ணெய் ஏறிய மரத்தில் பிடிப்பும் குறைவு. கையால் பிசையும் எம்-சீல் போன்ற களி இடைவெளியை அடைக்கும். ஆனால் அழுத்தினால் பரவாது, ஆக்‌ஷனை முழுதாக இறங்க விடாது. சாதாரண அரால்டைட் பலமானது, நேரமும் தரும். ஆனால் நம் ஊர் வெப்பத்தில் தேன் மாதிரி இளகி ஸ்குரூத் துளைக்குள் வழிந்துவிடும்.

கடைசியில் தேர்ந்தது இரும்புத்தூள் கலந்த எபாக்ஸி பேஸ்ட். டெவ்கான் பிளாஸ்டிக் ஸ்டீல் இந்த வகை. அமெரிக்கத் துப்பாக்கிக் கைவினைஞர்கள் இதையும், பிரவுனல்ஸ் நிறுவனத்தின் அக்ராகிளாஸ் ஜெல்லையும் இதே வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். வெண்ணெய் பதத்தில் நிற்கும், வழியாது. தூள் கலந்திருப்பதால் சுருக்கம் குறைவு. வெப்பத்தில் விரிவதும் வெறும் ரெசினைவிடக் குறைவு. வெறும் எபாக்ஸி இரும்பைப் போல நாலைந்து மடங்கு விரியும் என்பதை மறக்கக் கூடாது.

வெப்பத்தைப் பற்றி இன்னொன்று. அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்ஸிகள் பல, 50–60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். மே மாத வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் ரைபிளை வைத்தால் என்ன ஆகும்? ஆகவே டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, டேட்டா ஷீட்டில் வெப்ப வரம்பைப் பார்த்தோம்.

வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கியது. வெப்பம் 10 டிகிரி கூடினால் கலவையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். குவியலாகக் கிண்ணத்திலேயே விட்டால் தன் சூட்டிலேயே இறுகிவிடும். ரெசினும் ஹார்டனரும் எடைக்கு 9:1. "சீக்கிரம் இறுகட்டும்னு ஹார்டனரைக் கூட்டிப் போட்டா, பலம்தான் போகும்" என்றார் மாஸ்டர். கையுறை போட்டோம்; ஹார்டனர் பட்டால் தோலுக்கு ஒவ்வாமை வரும். துளைகளையும் பள்ளங்களையும் கிளேயால் அடைத்து, இரும்பு முழுக்க நிறமற்ற ஷூ பாலிஷை இரண்டு தடவை பூசினோம். ஒரு இடம் விட்டுப்போனாலும் ரைபிள் கட்டையோடு நிரந்தரக் கல்யாணம்தான்! ஸ்குரூவை இறுக்காமல், உட்காரும் அளவுக்கு மட்டும் திருகி, ஒரு முழு நாள் விட்டோம்.

மறுநாள் டயல் கேஜை வைத்துப் பார்த்தோம். முன் ஸ்குரூவைத் தளர்த்தினால் குழல் எவ்வளவு நகர்கிறது என்பதுதான் சோதனை, 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல பெட்டிங். வேலைக்கு முன் 0.20 காட்டிய முள், இப்போது 0.03-இல் நின்றது. அந்த மாணவி போட்டியில் சுட்டார். பதக்கம் வரவில்லை. ஆனால் அடைமழை நாளிலும் குறி இடம் மாறவில்லை என்றார். எங்களுக்கு அது போதும்.

ஒரு சின்ன சரித்திரம்: எபாக்ஸியை உருவாக்கியவர்களில் ஒருவரான சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்தான், பல் மருத்துவப் பொருட்கள் செய்யும் நிறுவனத்தில் இருந்தவர். செயற்கைப் பல் வரிசைக்குச் சுருங்காத பிசின் தேடியபோது கிடைத்தது இது. ஒட்டும் பெருமை பின்னால் வந்தது!

நண்பர்களே, நாளை நாம் மோட்டாருக்கு பேஸ் போடலாம், பம்புக்கு கிரௌட் ஊற்றலாம். கடைக்காரர் "இதுதான் சார் ஸ்ட்ராங்" என்பார். இந்த வேலைக்கு என்ன குணம் வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுவோம். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.