அண்ணியின் இடது கை

ரேடியோவில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று கேட்கும் ரேடியோ, மற்றொன்று பேசும் ரேடியோ. கேட்கும் ரேடியோ கெட்டுப் போனால் நஷ்டம் நம் வீட்டோடு சரி. பாட்டு வராது, அவ்வளவுதான். பேசும் ரேடியோ கெட்டுப் போனால் எதிர்வீட்டு மாமியோடு சண்டை வரும், ஊர் தாண்டிப் புகார் வரும். அஜாக்கிரதையாகக் கை வைத்தால் ஆளே போய்விடக் கூடும்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் அண்ணி, சர்க்கார் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரி. 'ஹாம்' என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். அவர்களுடைய பாஷையில் ஆண்பிள்ளை எவரானாலும் 'ஓல்டு மேன்'. பெண்ணுக்கு எத்தனை வயதானாலும் 'யங் லேடி'தான். ஐம்பத்திரண்டு வயது அண்ணி இந்த ஒரு காரணத்துக்காகவே பரீட்சை எழுதினாள் என்பது அண்ணாவின் கட்சி.

போன மழைக்காலத்தில் அண்ணி ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை விலைக்கு வாங்கினாள். கல்யாண வீட்டு ஒலிபெருக்கி இல்லை இது. ரேடியோ அலையைப் பெருக்கி ஏரியலுக்கு அனுப்பும் பெட்டி. உள்ளே கண்ணாடி வால்வு. நம் வீட்டுச் சுவரில் இருப்பது 230 வோல்ட்; அந்த வால்வுக்கு ஊட்டுவதோ 2000 வோல்ட்டுக்கும் மேல். இதில் ஒரு பொல்லாத விஷயம் கேளுங்கள். ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாலும், உள்ளே இருக்கும் கபாசிட்டர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். அதை வடிய விடுவதற்கென்று ரெசிஸ்டர்கள் உண்டு. ஆனால் அவை கருகிப் போயிருந்தால் வெளியிலிருந்து தெரியாது.

அதனால்தான் 'ஒரு கை எப்போதும் பாக்கெட்டுக்குள்' என்று இந்தத் தொழிலில் ஒரு பழைய விதி. இரண்டு கையும் பெட்டிக்குள் போனால் மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும். வழியில் இருப்பது இருதயம்.

"புடவையில் பாக்கெட் ஏது? இந்த விதியை எழுதினவனுக்குப் பெண்களும் பெட்டியைத் திறப்பார்கள் என்று தோன்றவே இல்லை, பார்!" என்பாள் அண்ணி. வளையல்களைக் கழற்றி வைத்து, முந்தானையை இறுகச் செருகி, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொள்வாள். வலது கையில் நீண்ட பிடி போட்ட கொக்கி; அதிலிருந்து ஒரு வயர் எர்த்துக்குப் போகும். கொக்கி கபாசிட்டரைத் தொடும்போது சில சமயம் 'டப்' என்று ஒரு சத்தம். அந்த வேளையில் அண்ணா வாசலில் போய் நின்றுகொள்வார்.

பெட்டி வந்த மூன்றாம் நாள் எதிர்வீட்டு மாமி வந்தாள். "ஏம்மா, சீரியலில் அந்தப் பெண் அழற நேரமாப் பார்த்து எங்க ஸ்பீக்கரில் வாத்து கத்தறதே, அது நீதானா?"

அண்ணியின் குரல்தான் அந்த வாத்து. அதே வாரம் விசாகப்பட்டினத்து ஹாம் ஒருவரும், "அம்மா, உங்கள் பேச்சு அக்கம்பக்கத்து அலைவரிசையிலெல்லாம் சிந்துகிறது" என்று மரியாதையாகச் சொன்னார்.

திறந்து பார்த்தால் பெட்டியை முன்பு வைத்திருந்த யாரோ ஒரு மேதாவி அதைத் 'திருத்தி' இருக்கிறார்! சக்தி அளவு மீறும்போது செட்டை அடக்கி வைப்பதற்கு ஏ.எல்.சி. என்று ஒரு வயர் உண்டு. அதை வெட்டி, நுனியில் டேப் சுற்றியிருந்தார். மீட்டர் முள் எகிறும், மனசு குளிரும். குரல் மட்டும் கிழிந்து ஊரெல்லாம் சிதறும். இந்தச் சபலம் கடல் கடந்தும் உண்டு. அமெரிக்காவில் லாரி டிரைவர்கள் பேசும் சி.பி. ரேடியோவுக்குச் சாதாரணமாகச் சட்டம் அனுமதிப்பது 4 வாட். அதோடு திருட்டு ஆம்ப்ளிஃபயரை மாட்டிக்கொண்டு அகப்படுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். இத்தனைக்கும் லாபம் என்ன? கேட்பவர் மீட்டரில் முள் ஒரு கோடு ஏறச் சக்தியை நாலு மடங்கு ஆக்க வேண்டும்! அந்தப் பணத்தில் ஏரியலை உயர்த்திக் கட்டலாம் என்பது என் அபிப்பிராயம்.

அண்ணி வயரைத் திரும்பவும் ஈயம் வைத்துப் பற்றினாள். உடனே காற்றில் பேசிப் பார்க்கவில்லை. ஏரியலுக்குப் பதிலாக ஒரு பெயிண்ட் டப்பாவை மாட்டினாள். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் முங்கி 20 ரெசிஸ்டர்கள். ஒவ்வொன்றும் 1000 ஓம், பக்கம் பக்கமாகச் சேர்த்தால் 50 ஓம். அலையெல்லாம் அந்த எண்ணெயைச் சூடாக்குவதோடு அடங்கிவிடும், ஊருக்குத் தொந்தரவில்லை. முள் முன்னைவிடத் தாழ்ந்தே நின்றது. மாமியின் ஸ்பீக்கர் வயரையும் ஒரு ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றிக் கொடுத்தாள். வாத்து ஓய்ந்தது. விசாகப்பட்டினத்துக்காரரும், "இப்போதுதான் மனிதக் குரல் கேட்கிறது" என்றார்.

ஒரு வயருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நினைக்காதீர்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி ஒரு குழுவோடு அந்தமானில், போர்ட் பிளேயரில் இருந்தார். 26-ந் தேதி காலை சுனாமி. டெலிபோன்கள் ஓய்ந்துபோன நிலையில் அவருடைய ரேடியோ வழியாகத்தான் எத்தனையோ குடும்பங்களுக்குச் செய்தி போயிற்று. அந்தக் குரலுக்குப் பக்கத்தில் இப்படித் 'திருத்திய' பெட்டி ஒன்று கத்தியிருந்தால், மகனைப் பற்றித் தகவல் வராதா என்று காத்திருந்த தாய்க்கு யார் பதில் சொல்வது?

அண்ணி இப்போது சொந்தமாகவே ஒரு செட்டு கட்டுகிறாள். ஹைதராபாத்தில் அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-ல் வடிவமைத்த 'பிட்எக்ஸ்'. 2016-ல் இதன் ஒரு ரகம் விற்பனைக்கு வந்தபோது கைவேலை செய்து கொடுத்தது பெண்கள் குழு ஒன்று. பழைய பிட்எக்ஸில் சுருள் சுற்ற வெளிநாட்டுச் சாமானெல்லாம் தேவையில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரே போதும். அதைப் பொடிப் பொடியாகச் சுற்றிப் பிரித்து, மறுபடி சுற்றுகிறாள் அண்ணி.

நேற்று ஹார்டுவேர் கடைக்காரர் கேட்டாராம்: "என்னம்மா, வாராவாரம் வாஷர் வாங்கறீங்களே, உங்க வீட்டில் எத்தனை குழாய்தான் ஒழுகுது?"

"ஏழு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.