கரிசல் பூமியில் ஹீத் செடி

டெக்ஸாஸ் ஃபிரிஸ்கோவின் மண் தமிழ்நாட்டு அன்பர்களுக்குப் புதியதல்ல. கோவில்பட்டிக் கரிசல் போலவே கறுத்தது; மழையில் ஊதும், கோடையில் கை நுழையுமளவு வெடிக்கும். அடியில் சுண்ணாம்புப் பாறை. இரண்டு கரிசலிலும் பருத்தி செழித்தது. ஹீத் என்னும் குட்டைப் பூச்செடிதான் இங்கே நிற்க மறுக்கிறது.

குன்னூரில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் நாற்பது வருஷம் வாழ்ந்த ஓர் அம்மையார், கணவர் காலமான பின் ஃபிரிஸ்கோவில் மகனிடம் வந்து சேர்ந்தார். குடியிருப்பு கம்பெனியுடையது, ஆகவே திரும்பிப் போக வீடு இல்லை. முதல் வருஷம் அவர் வாசலைத் தாண்டுவதே அபூர்வம். நர்ஸரியில் குட்டி மணிகள் போலப் பூத்திருந்த ஹீத்தைக் கண்டபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. நீலகிரிச் சோலைகளில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசும் ஹீத்தின் குடும்பமே.

மகன் வேலியோரம் நட்டார். இரண்டே மாதத்தில் இலைகள் மஞ்சளித்தன. "தூக்கிப் போட்டுடலாம், அம்மா" என்றார்.

"செடி மேல குத்தமில்லை, கண்ணு. தேயிலையைக் கரிசல்ல நட்டா நிக்குமா? இதுக்குப் புளிப்பு மண்ணு வேணும்."

அம்மையார் சொன்னது உண்மை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் அது ஹீத்தின் வேருக்கு எட்டுவதில்லை. ஆகவே, வளர்க்க விரும்பும் அன்பர்கள் துளையுள்ள அகன்ற தொட்டியில் பீட் பாசியும் பைன் பட்டைத் தூளும் கலந்து நடவேண்டும். தோட்டத்து மண், சாம்பல், முட்டை ஓடு எதுவும் ஆகாது. குழாய்த் தண்ணீரைவிட மழைநீர் உத்தமம். வேர் மெல்லியது, மேலாகவே படர்வது. காயவும் கூடாது, நீர் தேங்கவும் கூடாது. காலை வெயில் போதும், பிற்பகலில் நிழல் அவசியம். பூ உதிர்ந்ததும் பச்சைத் தண்டளவில் கத்தரிக்கலாம்; முற்றிய கட்டையை வெட்டினால் துளிர்க்காது. ஆல்ப்ஸ் மலையின் எரிகா கார்னியா குளிர்காலத்தில் பூப்பது, சிறிது சுண்ணாம்பையும் தாங்குவது.

கடைகளில் மெக்ஸிகன் ஹெதர் என்று விற்பது வேறு. அது மருதாணி, மாதுளைக் குடும்பம். வெயில் தாங்கும், கடும் உறைபனி தாங்காது. 2021 பிப்ரவரி 16 அன்று டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 2 டிகிரி ஃபாரன்ஹீட். பல இடங்களில் மின்சாரமும் நின்றது. அந்த வீட்டு மெக்ஸிகன் ஹெதர் எல்லாம் கருகின. சாக்குச் சுற்றிக் கார் ஷெட்டில் வைத்த ஹீத் தொட்டி பிழைத்தது.

அதன் பிறகு அக்கம்பக்கத்தார் அம்மையாரைத் தேடி வரலாயினர். அவரும் பல வீடுகளுக்குப் போய் வருகிறார். மஞ்சளித்த கறிவேப்பிலைச் செடியைக் காட்டினாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றே: "எந்த மண்ணுல வெச்சீங்க?"