கல் அரங்கில் பிறந்த குரல்

இத்தாலியின் வெரோனாவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பலர் முதலில் தேடிப்போவது ஜூலியட்டின் வீடு. கற்பனைப் பெண்ணின் பால்கனியை அண்ணாந்து பார்த்துப் படமெடுத்துக்கொள்கிறார்கள். சற்று நடந்தால் பிரா சதுக்கம். நிஜப் பெண் ஒருத்தியின் புகழ் முளைவிட்ட இடம் அங்கே இருக்கிறது. அதன் பெயர் அரேனா.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர்கள் கட்டிய திறந்தவெளி அரங்கம் இது. 1117-ல் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு வெளிச்சுவரில் மிஞ்சியது நான்கு வளைவுகள் மட்டுமே. வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்த களத்தில், 1913-ல் இசைமேதை வெர்டியின் பிறந்த நூற்றாண்டுக்காக 'ஐடா' ஓபரா அரங்கேறியது. அதிலிருந்து கோடை இரவுகள் இசைக்குச் சொந்தம். மலிவு டிக்கெட்காரர்களுக்குக் கல் படிதான் ஆசனம்.

1947 ஆகஸ்ட் 2. 'லா ஜோகோண்டா' ஓபராவில் பாட வந்தார் 23 வயது மரியா காலஸ். கிரேக்கப் பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்து, ஏதென்ஸில் சங்கீதம் பயின்றவர். இத்தாலியில் அவருக்கு அதுதான் முதல் மேடை. மைக் கிடையாது. முழு வாத்தியக் குழுவையும் தாண்டிக் கடைசிப் படிவரை குரல் போக வேண்டும். போயிற்று.

அன்று இசைக்குழுவை நடத்திய துல்லியோ செராஃபின் அந்தக் குரலை மறக்கவில்லை. 1949-ல் வெனிஸில் வாக்னரின் கனமான ப்ரூன்ஹில்டே பாத்திரத்தைப் பாடிக்கொண்டிருந்தவரை, சில நாள் இடைவெளியில் பெல்லினியின் நளினமான எல்விராவையும் பாட வைத்தார். தேர்வடம் பிடித்த கை அப்படியே பூத்தொடுக்க உட்கார்ந்த மாதிரி! 1951 டிசம்பரில் மிலான் லா ஸ்காலாவின் பருவத் தொடக்க விழாவே காலஸின் பாட்டோடுதான் ஆரம்பமானது. தூசி படிந்து கிடந்த பெல்லினி, டோனிசெட்டி ஓபராக்கள் அவரால் மறுபடி உயிர் பெற்றன.

அவருடையது குறையில்லாத குரல் அல்ல. இனிமை என்று பார்த்தால் சமகாலத்தவரான ரெனாட்டா டெபால்டிக்கே பலரது ஓட்டு. காலஸின் உச்ச ஸ்தாயியில் நடுக்கம் உண்டு, கரகரப்பும் உண்டு. ஆனால் பாத்திரத்தின் வலிக்காக அழகை விட்டுக்கொடுக்க அவர் தயங்கவில்லை. ரசிகர்கள் அவரை இன்றும் கேட்பது அதற்காகத்தான்.

விலையும் பெரிது. 1965-ல் லண்டனில் பாடிய 'டோஸ்கா'தான் கடைசி ஓபரா. அப்போது வயது 41. வேகமாக உடல் இளைத்ததால் குரல் போயிற்று என்பார்கள் சிலர். இளமையிலேயே பெரும் பாத்திரங்களைச் சுமந்ததுதான் காரணம் என்பார்கள் வேறு சிலர். 1977-ல் பாரிஸில் 53 வயதில் இறந்தார். அஸ்தி ஈஜியன் கடலில் கரைக்கப்பட்டது.

வெரோனாவில் முதல் பாட்டு, லண்டனில் கடைசி ஓபரா. இடையே 18 வருடங்கள். அரேனாவின் வயதுக்கு அது ஒரு பொழுது. ஆனால் மேல்படியில் உட்கார்ந்து, விரலளவாய்த் தெரியும் மேடையைப் பார்க்கிறவர்களுக்கு, அன்று அந்தப் பெண் கடந்த தூரம் புரிந்துவிடும்.