கால் அங்குலம்

பழைய ஜீப்புக்குப் புதுப் பாடி ஏற்றும் நாளில் எங்கள் அனுமந்தன்பட்டிப் பட்டறைக்கு ஆள் தானாகச் சேரும். கம்பம் ரோட்டில் போகிறவர்கூட பைக்கை ஓரங்கட்டிவிட்டுக் கை கொடுப்பார். ஏழெட்டுப் பேர் தூக்கினால் பாடி சேஸிஸ்மேல் உட்கார்ந்துவிடும். அப்புறம் பத்து நாள், நானும் வேலை பழகும் பையனும்தான்.

போன வருசம் வந்தது உலகப்போர்க் காலத்து வண்டி. ஏலத்தோட்டத்துக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிக் கம்பம்மெட்டு ஏறி இறங்கியது. சொந்தக்காரர் வில்லிஸ் என்றார். முன்னால் குனிந்து பார்த்தேன். குறுக்குச்சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த ‘ப’ மாதிரி இருந்தால் ஃபோர்டு. இது ஃபோர்டு. 1941 முதல் 1945 வரை இரண்டு கம்பெனியும் ஒரே மாதிரியில் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. ராணுவப் பட்டறையிலேயே பாகங்கள் கலந்துவிடும்.

பழைய பாடியை இறக்கியதும் நோய் தெரிந்தது. தரைத்தகட்டுக்கு அடியில் தொப்பிபோல மடித்த சட்டங்கள்; பலத்துக்காக அவற்றுக்குள் மரக்கட்டை. மலைமழையைக் குடித்த கட்டை காயவே காயாது. மேலே பச்சைப் பெயிண்ட் மின்ன, உள்ளே துரு தின்னும். டிரைவர் சீட்டுக்கடியில் பெட்ரோல் டேங்க் உட்காரும் குழியில் சுத்தியலால் தட்டினேன். சுத்தியலே உள்ளே போய்விட்டது.

நம் பக்கம் எளிதில் கிடைப்பது மஹிந்திரா பாடி. அதன் கவுல், அதாவது முன் கண்ணாடிக்குக் கீழே பானட் வந்து சேரும் பகுதி, உயரம்; போர்க்கால பானட் அதில் சேராது. ஜீப்பையே ஜீப்னி என்ற பயணிகள் வண்டியாக்கி ஓட்டிய பிலிப்பைன்ஸில் அச்சு அசலாகப் பாடி செய்கிறார்கள். அங்கிருந்துதான் வந்தது.

வைத்துப் பார்த்தோம். எல்லா ஓட்டையும் நேர் வந்தது, வலது பின்பக்கம் ஒன்றைத் தவிர. கால் அங்குலம் விலகல்.

“கொஞ்சம் அகட்டிருவமாண்ணே?” என்றான் பையன், கையில் டிரில்லோடு.

“இருடா தம்பி.”

அவன் வயதில் நானும் அகட்டியிருக்கிறேன். போல்ட் ஏறியது, வண்டியும் போனது. மூன்றாம் மாதம் கவுல் ஓரத்து வெல்டு வாய் பிளந்து திரும்பி வந்தது.

பாடியை மறுபடி இறக்கினோம். சேஸிஸைக் குறுக்கே மூலைக்கு மூலை டேப் பிடித்தால் இரண்டு அளவும் ஒன்றாக வரவேண்டும். வரவில்லை. பின் ஸ்பிரிங் தாங்கிக்குப் பக்கத்தில் யாரோ எப்போதோ பட்டை வைத்து வெல்டு அடித்திருந்தார்கள். வெல்டு ஆறும்போது இரும்பை இழுக்கும், சட்டத்தையே இழுத்திருந்தது. பட்டையை அறுத்து, ஜாக்கி கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்த நாலு நாள் ஆனது. பில்லில் அதை எந்தப் பெயரில் எழுதுவது என்று இன்றுவரை பிடிபடவில்லை.

சட்டங்களுக்குள் மறுபடி மரம்தான் வைத்தேன், சொந்தக்காரர் அசலாகக் கேட்டதால். ஆனால் எண்ணெயில் ஊறிய தேக்கு. தண்ணீர் வடியத் துளையும் உண்டு. அசல்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

ரப்பர் வைத்துப் பாடியை ஏற்றி, எல்லா போல்டையும் தளர்வாகவே விட்டோம். கிரில்லும் பானட்டும் மாட்டி இடைவெளி பார்த்தோம். ஸ்டீயரிங் தண்டு தள்ளாமல் நெம்பாமல் தன் துளையில் நின்றது. வலது பின்பக்கத்துக்குப் பையன் ஸ்பானரோடுதான் போனான். அதைக் கீழே வைத்துவிட்டு விரலாலேயே சுற்றினான். கடைசி மரை வரை போனது.