பொத்தானும் விண்ணப்பமும்

சென்ற ஆண்டு ஏழை மாணவர்க்குரிய உபகாரச் சம்பள விண்ணப்பப் படிவத்தை இணையதளத்தில் அமைத்த யாம், எத்தனை விண்ணப்பங்கள் வருகின்றன என்றறியக் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-ஐயும் பொருத்தினோம். கணக்கிற் கண்டவை 31. கைக்கு வந்தவையோ 19!

ஆராய்ந்தபோது பிழை எம்முடையதே என விளங்கிற்று. பொத்தானை அழுத்துதலையே அனுப்புதலாக எண்ணுமாறு டேக் மேனேஜரில் விதித்திருந்தோம். ஒரு கட்டம் வெறுமையாயிருந்து படிவம் ஏற்கப்படாவிடினும் கணக்கு ஏறிற்று. ஆகவே, பெற்றுக்கொண்டோம் என்னும் செய்தி தோன்றிய பின்னரே எண்ணுமாறு மாற்றினோம். முன்னோட்ட முறையில் வெறும் படிவத்தை அனுப்பிப் பரீட்சித்தோம், ஒன்றும் பதியவில்லை. முற்றும் நிரப்பி அனுப்பினோம், ஒருமுறையே பதிந்தது.

ஆயினும், முன்னர் அழுத்திவிட்டுக் காத்திருந்தோர் யாவரென அவ்வெண் கூறுமோ? கூறாது. ஆதலின் தவணையை நீட்டி மீண்டும் அறிவித்தோம். அன்பர்காள், எண்ணை நம்புமுன் அதனைச் சோதித்தல் நம் கடன்.