சிறு குழலும் செம்மையான குறியும்

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் ஊவா மலைகளில் வாழும் நம்மவர் முகஞ் சுளிப்பது இயல்பே. 1983 முதல் 2009 வரை இந்நாட்டில் எத்தனை இல்லங்களின் விளக்கை அது அணைத்தது என்பதை நாம் மறந்தோமல்லோம். அதற்கு முன்னரும் தோட்டங்களில் அது துரைமாரின் கருவியாகவே விளங்கிற்று. 1900ஆம் ஆண்டில் அமைந்த இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படையில் ஐரோப்பியரே சேர்ந்தனர். கொழுந்து பறித்தவர்க்கும் கவ்வாத்து வெட்டியவர்க்கும் அதில் இடமிருக்கவில்லை. 1949இல் அப்படை கலைக்கப்பட்டது. இங்ஙனமிருக்க, கல்லூரியின் விழா மலரிலே துப்பாக்கியைப் பற்றி எழுதுவானேன் என அன்பர்கள் வினவலாம். நாம் பேச வந்தது உயிரைக் குறிவைக்கும் துப்பாக்கியைப் பற்றியன்று. தாளிலே துளையிடும் சிறு துப்பாக்கியைப் பற்றியே.

பெரிய துப்பாக்கியின் பெருமையைப் பதுளை ஒரு காலத்தில் நன்கறிந்திருந்தது. இங்கு உதவி அரசாங்க அதிபராகவிருந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டுவீழ்த்தினார் என்பர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். முயலை வீழ்த்துவதினும் யானைக்குக் குறிவைத்துத் தவறுவதே வீரம் என்னும் கருத்தைப் படைச்செருக்கிலே வள்ளுவர் போற்றினார். அது களத்துக்குரிய அறம். தாளைச் சுடும் விளையாட்டிலோ இலக்கின் சிறுமையே பெருமை.

இவ்விளையாட்டு எளியோர் கைக்கு எட்டிய வரலாற்றிலும் நம் மாகாணத்துக்கு ஓர் உறவுண்டு. தென்னாபிரிக்கப் போரிற் சிறைப்பட்ட போயர் மக்கள் 1900ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கான பெருமுகாம் தியத்தலாவையில் அமைந்தது. அவர்களிற் பெரும்பாலோர் உழவர். ஆயினும் குறி தவறாது சுடுவதில் வல்லவர். அவர்களிடம் பட்ட அடியினாற் பாடங்கற்ற பிரித்தானியர், தம் பொதுமக்களும் குறிபார்த்துச் சுடப் பழகவேண்டுமென விழைந்தனர். படைத் துப்பாக்கிக்கு வேண்டிய தோட்டாவின் விலையும், நெடுந்தூரச் சுடுகளமும் தொழிலாளர்க்கு எட்டாதவை. ஆகவே 1901இல் தொழிலாளர் ரைபிள் கழகங்களுக்கென ஒரு சங்கம் தோன்றிற்று. போர்த்தளபதி றொபேட்ஸ் பிரபு அவ்வியக்கத்தைப் பெரிதும் ஊக்கினார். அதற்குத் துணைநின்றது பொயின்ற் இருபத்திரண்டு எனப்படும் சிறு தோட்டா.

அத்தோட்டாவின் இன்றைய வடிவம் 1887இல் அமெரிக்காவிற் பிறந்தது. குழலின் விட்டம் 5.6 மில்லிமீற்றர், ஈயக் குண்டின் நிறை ஏறத்தாழ 2.6 கிராம். மருந்தும் ஈயமும் சிறிதாதலின் விலை குறைவு; தோளில் உதைப்பும் மிகக் குறைவு. உதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடும் தீய பழக்கம் புதியவரைப் பற்றாதிருப்பதே இதன் பெரும்பயன். ஆயினும் விளையாட்டுப் பொருளென எண்ணற்க. இச்சிறு குண்டு ஒரு மைலுக்கு மேலும் செல்ல வல்லது.

எதைத் தேர்வது? முதலில் ரைபிளையே தேர்க என்போம். அதற்குத் தோளும் இரு கைகளும் கன்னமும் துணைநிற்கின்றன. கைத்துப்பாக்கிக்கோ நீட்டிய ஒரு கையே துணை. அதன் இரு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரமும் சிறிது. மணிக்கட்டின் சிறு நடுக்கமும் தாளிலே பெரும்பிழையாகும். ரைபிளிற் பொறுமை கற்றவர் பின்னர் கைத்துப்பாக்கியை எடுப்பது நன்று.

வாங்கும்போது பளபளப்பையும் விலையையும் நோக்காது, மூன்றினை நோக்குக. தோட்கட்டை உடலுக்குப் பொருந்துகிறதா? விசை இழுபறியின்றி விடுபடுகிறதா? பின்குறியைச் சிறிது சிறிதாகத் திருத்த இயலுமா? இம்மூன்றும் அமைந்த பழைய துப்பாக்கி, அமையாத புதியதினும் மேலானது. ஒவ்வொரு குழலுக்கும் உவப்பான தோட்டா ஒன்றுண்டு. சில வகைகளைச் சுட்டுப்பார்த்து, துளைகள் நெருங்கி விழும் வகையைக் கைக்கொள்க.

இதனினும் சிக்கனமானது காற்றுத் துப்பாக்கி. அதன் குண்டு 4.5 மில்லிமீற்றர், நிறை அரைக் கிராம் அளவே. பத்து மீற்றர் நீளமுள்ள மண்டபமும், குண்டைத் தாங்கும் தடுப்பும் போதும். எளிமை கண்டு இகழவேண்டா. ஒலிம்பிக்கில் 1984 முதல் இது போட்டியாகவுள்ளது. பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டத்தின் விட்டம் அரை மில்லிமீற்றரே. கடலூரிற் பிறந்த தமிழ்மகள் இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கிண்ணப் போட்டியிற் பொற்பதக்கம் வென்றது இதிலேதான். 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டுத் தெஹானி எகொடவெல போட்டியிட்டதும் இதிலேயே.

இதன் இன்பம் யாதெனின், மனம் ஒடுங்கும் இன்பமே. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, முன்குறியைத் தெளிவாகக் கண்டு, விசையை மெல்ல அழுத்தி, வெடித்த பின்னரும் அசையாது நிற்கவேண்டும். கோபமும் அவசரமும் தாளிலே உடனே எழுதப்பட்டுவிடும். எவர்மீதும் பழிபோட இடமில்லை. உடல்வலிமை மிக்கவனும் மெலிந்தவனும், துரைமகனும் தோட்டத்து மகளும் அத்தாளின்முன் ஒருநிகர்.

ஒழுங்கின்றி இக்கலையில்லை. எத்துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருதுக. குழல்முனையை எவர்பக்கமும் திருப்பற்க. குறிபார்க்குமுன் விசையில் விரல் வைக்கற்க. துப்பாக்கியையும் தோட்டாவையும் வெவ்வேறிடத்திற் பூட்டி வைக்க. சட்டப்படி உரிய அனுமதி பெற்று, பயிற்றுநர் மேற்பார்வையிலன்றித் தொடுதலும் ஆகாது. பன்றிக்கெனக் காட்டோரங்களிற் களவாய் வைக்கப்படும் கட்டுத்துப்பாக்கிக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை.

பழைய மாணவர்க்கு நம் விண்ணப்பம் ஒன்றுண்டு. விழாக்கள் நினைவுக்கல்லோடு முடிதல் போதாது. அதிகாரிகளின் அனுமதியோடு இரண்டு காற்றுத் துப்பாக்கிகளும், தகுதியுள்ள பயிற்றுநர் ஒருவரும் கல்லூரிக்குக் கிடைப்பின், ஒன்றனையே முறைவைத்துப் பலர் பழகலாம். துப்பாக்கியைக் கண்டு அஞ்சிய தலைமுறையின் பிள்ளைகள், அதை அடக்கத்தோடு ஏந்தி, எவ்வுயிர்க்கும் ஊறின்றி வென்று மீள்வதைக் காண நாம் விரும்புகின்றோம்.